வீட்டில் பேசும் மொழி எது?

(பங்கின் பொன்விழாவையொட்டி மறைக்கல்வி மண்டபத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுச் செயலாளர் என் வீட்டுக்கு வந்து, "சார், பிள்ளைகளின் படிப்பைப் பற்றி அரைமணி நேரம் பேச வேண்டும்" என்று கேட்டார். எந்தப் பிள்ளைகள் என்று நான் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "இங்கே இருக்கிற பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆள் நிறைய உண்டு. அமெரிக்காவுக்குப் போகிற பிள்ளைகளைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். அவர் சொன்னதும் நியாயந்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் பீடத்தருகே பயண ஆசீருக்கு நிற்கிற குடும்பங்களை எல்லோரும் பார்க்கிறோம். அப்பாவுக்கு வேலை உறுதி, வீசா கிடைத்துவிட்டது, பெட்டி கட்டியாகிவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆறு வயது, ஏழு வயதுப் பிள்ளை அங்கே போய் என்ன செய்யும் என்று யாரும் அதிகம் யோசிப்பதில்லை. பள்ளி இலவசம், பேருந்து வாசலுக்கு வரும், அவ்வளவுதான் நாம் அறிந்தது.

நான் சட்டம் படித்தவனல்ல. 34 ஆண்டுகள் சாக்பீஸ் பிடித்தவன். ஆனால் என் பேரன் பொருட்டு இந்தச் சட்டங்களைத் தேடிப் படிக்க நேர்ந்தது. அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மகளும் மருமகனும் நியூ ஜெர்சி மாநிலத்துக்குப் போனபோது பேரனுக்கு ஏழு வயது. இங்கே ஆங்கிலவழிப் பள்ளியில்தான் படித்தான். ஆங்கிலத்தில் பாட்டுச் சொல்வான், பலுக்கல் பரீட்சையில் பத்துக்குப் பத்து வாங்குவான். ஆனால் ஆசிரியை கேள்வி கேட்பதும் தமிழில், அவன் தண்ணீர் குடிக்க அனுமதி கேட்பதும் தமிழில். நம் ஊர் ஆங்கிலவழிப் படிப்பு எப்படி என்று இங்கிருக்கும் தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அங்கே பள்ளியில் சேர்க்கும்போது ஒரு படிவம் கொடுக்கிறார்கள். ஒரே பக்கம். வீட்டில் பேசும் மொழி எது? பிள்ளை முதலில் பேசக் கற்ற மொழி எது? நீங்கள் பிள்ளையோடு பெரும்பாலும் எந்த மொழியில் பேசுகிறீர்கள்? இதுபோன்ற மூன்று நான்கு கேள்விகள். என் மருமகன் எல்லாவற்றுக்கும் நேரே 'ஆங்கிலம்' என்று எழுதிவிட்டார். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. "மாமா, தமிழ் என்று எழுதினால் பையனை மட்டமான வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று ஆபீஸில் சொன்னார்கள்" என்றார். கொஞ்சம் பயம், கொஞ்சம் கௌரவம். இரண்டும் சேர்ந்தால் மனிதன் எதையும் எழுதுவான்.

நானும் என் மனைவியும் நவம்பரில் போய்ச் சேர்ந்தோம். பேரன் பள்ளியிலிருந்து வந்ததும் பையை எறிந்துவிட்டுப் படுத்துவிடுவான். பள்ளியில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பான். ஆசிரியை எழுதியனுப்பிய முதல் குறிப்பில், மிக அமைதியான பையன், தொந்தரவே இல்லை என்று இருந்தது. மகளுக்கு அதில் பெருமை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏழு வயதுப் பையன் நாள் முழுதும் அமைதியாக இருந்தால் அதில் ஏதோ கோளாறு இருக்கிறதென்று எந்த வாத்தியாருக்கும் தெரியும்.

நம்மில் எழுபதைக் கடந்தவர்களுக்கு இலத்தீன் பூசை நினைவிருக்கும். நாமெல்லாம் சின்னப் பிள்ளைகள். மணி அடித்தால் முழந்தாளிடுவோம், மற்றவர்கள் எழுந்தால் எழுவோம், நெஞ்சில் தட்டிக்கொண்டால் தட்டிக்கொள்வோம். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் புரிந்தவர்கள் போலத்தான் இருந்திருப்போம். என் பேரன் வகுப்பில் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். பக்கத்துப் பையன் நீலப் புத்தகத்தை எடுத்தால் இவனும் நீலப் புத்தகத்தை எடுப்பான். வரிசையில் நின்றால் நிற்பான். கோயிலில் அது பக்தி. வகுப்பறையில் அப்படியே ஓராண்டு போனால் அந்த ஓராண்டுப் படிப்பு போயிற்று.

ஒருநாள் அவன் கணக்குத் தாளைப் பார்த்தேன். வெறும் கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. வாக்கியக் கணக்குகள் ஏழும் வெற்றிடம். அதையே நான் தமிழில், "ஒரு கூடையில் 24 ஆரஞ்சு, ஒன்பதை எடுத்தாச்சு" என்று கேட்டேன். முடிக்குமுன் விடை சொல்லிவிட்டான். ஏழுக்கும் சொன்னான்.

அதற்கடுத்த வாரம் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பையனுக்குக் கற்றலில் குறைபாடு ஏதேனும் உண்டா என்று பரிசோதிக்க விரும்புகிறோம், பெற்றோரின் ஒப்புதல் தேவை என்று. மகள் அன்றிரவு சாப்பிடவில்லை. ஆனால் பள்ளியின்மேல் எனக்கு அவ்வளவாகக் கோபம் வரவில்லை. வீட்டுமொழி ஆங்கிலம் என்று தகப்பனே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆங்கிலம் தாய்மொழியான ஒரு பையன் மூன்று மாதமாக வாய் திறக்கவில்லை என்றால், அவர்கள் பிள்ளையின் மூளையைத்தான் சந்தேகிப்பார்கள். அந்த ஒரு சொல், பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய உதவியையும் தடுத்து, அவன்மேல் இல்லாத நோயையும் ஏற்றிவிட்டது.

அன்று முதல்தான் நான் தேடத் தொடங்கினேன். ஒரு பிள்ளை ஆங்கிலம் தெரியாமல் அமெரிக்கப் பள்ளிக்குள் நுழைந்தால் அந்நாட்டுச் சட்டம் அவனுக்கு என்ன தருகிறது? பொதுப் பள்ளிகளில் இப்படி ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர் ஏறத்தாழ 50 இலட்சம் பேர் என்று அறிந்தேன். பத்தில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் அந்நாட்டிலேயே பிறந்தவர்கள்.

அந்த நாடு பிறமொழிப் பிள்ளைகளை எப்போதும் அணைத்துக்கொண்டதில்லை. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-இல், நெப்ராஸ்கா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழியைப் பள்ளியில் கற்பிக்கக் கூடாது. அரசுப் பள்ளி மட்டுமல்ல, கோயில் நடத்தும் பள்ளியானாலும் கூடாது. லுத்தரன் சபையின் பங்குப் பள்ளி ஒன்றில் ராபர்ட் மேயர் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு விவிலியக் கதைகள் அடங்கிய ஜெர்மன் புத்தகத்தை வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். 1920 மே 25-ஆம் நாள் செய்த குற்றம் என்று வழக்குப் பதிவாயிற்று. 25 டாலர் அபராதம். அவர் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1923 ஜூன் மாதம் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. ஆசிரியருக்குக் கற்பிக்கும் உரிமையும், பெற்றோருக்குத் தம் பிள்ளைக்கு எதைக் கற்பிப்பது என்று தீர்மானிக்கும் உரிமையும் உண்டு என்றது நீதிமன்றம்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1980-களில் நான் வேலை பார்த்த பள்ளியில் தமிழில் பேசினால் பத்துக் காசு அபராதம். டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வசூலித்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் காசில் ஆண்டு விழாவுக்குத் தோரணம் கட்டினோம். இந்த மண்டபத்தில் அந்தப் பத்துக் காசைக் கொடுத்தவர்கள் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

மேயர் வழக்கு சொந்த மொழியைக் கற்பதற்கான தடையை நீக்கியது. ஆனால் ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்குப் பள்ளி உதவ வேண்டும் என்ற கடமையை அது உண்டாக்கவில்லை. அந்தக் கடமை பிறந்தது மிகவும் பிந்தி. 1964-ஆம் ஆண்டுக் குடிசார் உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதி, நடுவண் அரசின் பணம் பெறும் எந்த அமைப்பும் இனம், நிறம், பிறந்த நாடு காரணமாக ஒருவரை ஒதுக்கக் கூடாது என்கிறது. மொழி என்ற சொல் அதில் இல்லை. அப்படியானால் ஆங்கிலம் தெரியாததால் வகுப்பில் ஊமையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒதுக்கப்பட்டவனா இல்லையா? இதற்கு அரசு அலுவலகம் பதில் எழுதிய சுற்றறிக்கையின் தேதியைப் பாருங்கள்: 1970 மே 25. மேயர் மேல் வழக்குக்குக் காரணமான நாளிலிருந்து நாள் பிசகாமல் ஐம்பது ஆண்டு! யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. பொன்விழா மேடையில் நிற்கிறவன் இதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அந்தச் சுற்றறிக்கை சிறியதுதான், ஆனால் கெட்டிக்காரத்தனமானது. ஆங்கிலம் புரியாமையால் பிறநாட்டு வழிவந்த பிள்ளைகள் படிப்பில் பங்கெடுக்க முடியாமற்போனால், அந்தக் குறையைப் போக்கப் பள்ளி மாவட்டம் தானாக முன்வந்து நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆங்கிலத் திறனை அளந்துவிட்டு, அதைக்கொண்டு பிள்ளையை மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் போடக் கூடாது. மொழிக்கென்று தனியே பிரித்தால் அது முடிவில்லாத ஒதுக்கிடமாக ஆகிவிடக் கூடாது. மற்றப் பெற்றோருக்குத் தெரிவிக்கும் செய்தியை இந்தப் பெற்றோருக்கும் தெரிவிக்க வேண்டும், வேண்டுமானால் அவர்கள் மொழியில்.

இரண்டாவது விதி எத்தகைய அநீதியைப் பற்றியது தெரியுமா? கலிபோர்னியாவில் மான்டெரே என்ற மாவட்டத்தில் மெக்சிகோ வழிவந்த ஒன்பது பிள்ளைகளை மூளை வளர்ச்சி குறைந்தவர்கள் என்று தனி வகுப்பில் போட்டிருந்தார்கள். சோதித்தது ஆங்கிலத்தில். வீட்டில் பேசுவது ஸ்பானியம். மறுபடியும் ஸ்பானியத்தில் சோதித்தபோது பெரும்பாலோர் சாதாரண அறிவுள்ள பிள்ளைகள் என்று தெரிந்தது. 1970-இல் அந்த வழக்கு உடன்படிக்கையில் முடிந்து, இனிப் பிள்ளையின் சொந்த மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று ஆயிற்று. இன்றும் நடுவண் சட்டம் அதைத்தான் சொல்கிறது: குறைபாட்டுச் சோதனையைப் பிள்ளைக்குத் தெரிந்த மொழியில் நடத்த வேண்டும், ஆங்கிலம் போதாமையையே குறைபாடாகக் கொள்ளக் கூடாது. என் பேரனுக்கு வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் இதைப் படித்தபோது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

சுற்றறிக்கை இருந்தது. கேட்பாரில்லை. சான் பிரான்சிஸ்கோ நகரில் ஆங்கிலம் பேசாத சீன வழிவந்த மாணவர்கள் 2,856 பேர் இருந்தார்கள். சுமார் ஆயிரம் பேருக்கு ஏதோ துணைப்பாடம் கிடைத்தது. ஏறக்குறைய 1,800 பேருக்கு ஒன்றுமே இல்லை. அவர்களில் ஒருவன் கின்னி லாவ் என்ற சிறுவன். அவன் தாயார் வாடகை வீட்டுத் தகராறுக்காக இலவச சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவரிடம் போனார். எட்வர்ட் ஸ்டைன்மன் என்பது அவர் பெயர். பேச்சுவாக்கில் பையனுக்குப் பள்ளியில் ஒன்றும் விளங்கவில்லை என்று தெரியவந்தது. அங்கிருந்துதான் 1970-இல் வழக்குப் புறப்பட்டது.

கீழ்நீதிமன்றங்கள் இரண்டிலும் தோல்வி. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பள்ளி, ஒரே ஆசிரியர், ஒரே புத்தகம் கொடுத்துவிட்டார்கள், வேறென்ன வேண்டும் என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது? நாமே அப்படிச் சொல்வோம். உச்ச நீதிமன்றம் 1974 ஜனவரி 21-இல் அதை மறுத்தது. ஒன்பது நீதிபதிகளும் முடிவில் ஒத்துப்போனார்கள். நீதிபதி டக்ளஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: மொழி புரியாத பிள்ளைக்கு அதே புத்தகத்தையும் அதே ஆசிரியரையும் கொடுப்பதனால் சமத்துவம் வந்துவிடாது. அவனுக்குக் கல்வியின் கதவு மூடியேதான் இருக்கிறது. அதில் இன்னொரு குத்தலும் உண்டு. 6 வயது முதல் 16 வயது வரை பள்ளிக்கு வந்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது அன்றைய கலிபோர்னியாச் சட்டம். ஆங்கிலத் தேர்ச்சி இல்லாமல் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் கிடையாது என்றதும் அதே சட்டம். ஆங்கிலத்தை மட்டும் கற்பிக்க மாட்டோம் என்றால் எப்படி?

ஆனால் எப்படிக் கற்பிப்பது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆங்கிலத்தைத் தனியாகக் கற்பிப்பது ஒரு வழி, சீன மொழியில் பாடம் நடத்துவது ஒரு வழி, வேறு வழிகளும் இருக்கலாம் என்று விட்டுவிட்டது. ஒரு நீதிபதி, இத்தனை பேர் இருப்பதால்தான் நான் ஒத்துக்கொள்கிறேன், ஒன்றிரண்டு பிள்ளைகள் என்றால் வேறு என்று தனியே எழுதினார். நம் பிள்ளைகளுக்கு இது முக்கியம். ஏனென்றால் பல ஊர்களில் பள்ளி முழுவதற்கும் தமிழ்ப் பிள்ளை ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.

அந்த ஓட்டையை அடைத்தது அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த சமக் கல்வி வாய்ப்புச் சட்டம். மாணவன் சமமாகப் பங்கெடுப்பதைத் தடுக்கும் மொழித் தடையைக் கடக்க, கல்வி அமைப்பு தகுந்த நடவடிக்கை எடுக்கத் தவறினால் அது சம வாய்ப்பை மறுப்பதாகும் என்று ஒரு வரி. எத்தனை பிள்ளைகள் என்ற கணக்கு அதில் இல்லை. பாதிக்கப்பட்டவர் தாமே வழக்குத் தொடரலாம். இதன் அருமை பின்னால்தான் தெரிந்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பகுதியைக்கொண்டு தனியார் வழக்குப் போட வேண்டுமானால் வேண்டுமென்றே செய்த பாகுபாடு என்று காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டது. லாவ் குடும்பம் போன பாதை தனி மனிதர்களுக்குக் குறுகிப்போயிற்று. 1974-ஆம் ஆண்டுச் சட்டம் நிற்கிறது.

தகுந்த நடவடிக்கை என்றால் என்ன? ஒரு ஆசிரியர் மாலையில் கால்மணி நேரம் உட்கார வைத்தால் போதுமா? டெக்சாஸ் மாநிலம் ரேமண்ட்வில் ஊரைச் சேர்ந்த ரோய் காஸ்டன்யேடா என்ற தகப்பனார் தொடுத்த வழக்கில் 1981-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று கேள்விகளை வைத்தது. பள்ளியின் திட்டம் கல்வி வல்லுநர் ஏற்கும் கொள்கையை ஒட்டியதா? அதை நடத்தத் தேவையான ஆசிரியரும் பொருளும் உண்மையாகவே இருக்கின்றனவா? சில காலம் நடந்தபின் பிள்ளைகள் தடையைத் தாண்டியிருக்கிறார்களா? அந்த ஊரில் இருமொழி ஆசிரியர் என்று சொல்லிக்கொண்டவர்களுக்கு 700 ஸ்பானியச் சொற்கள் கற்பிக்கும் பயிற்சிதான் தந்திருந்தார்கள். 700 சொல்லை வைத்துக்கொண்டு எந்த வகுப்பை நடத்துவது? காஸ்டன்யேடா கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனால் அவர் வழக்கில் பிறந்த அந்த மூன்று கேள்விகளை இன்றுவரை நாடெங்கும் நீதிமன்றங்கள் கேட்டுவருகின்றன.

வீசா விஷயமாகப் பலர் தனியே என்னிடம் கேட்கிறார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். 1975-இல் டெக்சாஸ் மாநிலம், முறைப்படி நாட்டுக்குள் வராத பிள்ளைகளுக்குப் பள்ளிக்குப் பணம் தர மறுத்தது. டைலர் என்ற ஊரில் அத்தகைய பிள்ளைக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டார்கள். 1982 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அது கூடாது என்றது. பெற்றோரின் செயலுக்குப் பிள்ளையைத் தண்டிக்கலாகாது என்பதே காரணம். ஆகவே உங்கள் வீசா இன்ன வகை என்பதைக்கொண்டு பொதுப் பள்ளி உங்கள் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது.

சரி, நடைமுறைக்கு வருவோம். வீட்டில் வேறு மொழி என்று படிவத்தில் எழுதினால் பிள்ளையை உடனே மட்டமான வகுப்பில் தள்ளிவிடுவதில்லை. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் ஆகிய நான்கிலும் ஒரு சோதனை வைக்கிறார்கள். தேறிவிட்டால் அத்தோடு முடிந்தது. தேறாவிட்டால் பள்ளி ஆண்டு தொடங்கிய 30 நாளுக்குள் பெற்றோருக்குக் கடிதம் வர வேண்டும்: பிள்ளையின் நிலை என்ன, எந்த முறையில் உதவப்போகிறோம், எப்போது இதிலிருந்து வெளியே வருவான் என்றெல்லாம். வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. மறுத்தாலும் ஆண்டுதோறும் ஆங்கிலச் சோதனை நிற்காது. தேறி வெளியேறிய பின்னரும் சில ஆண்டுகள் அவன் படிப்பைக் கவனித்துவர வேண்டும். பள்ளிச் செய்திகள் உங்களுக்குப் புரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய புகாரை எந்தப் பிள்ளைதான் ஒழுங்காக மொழிபெயர்க்கும்?

நம் பங்குமக்கள் பலர் அங்கே போனதும் கத்தோலிக்கப் பள்ளியைத்தான் தேடுவார்கள். தேடுங்கள், நல்லதுதான். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு சேருங்கள். நான் சொன்ன கடமைகள் முதன்மையாகப் பொதுப் பள்ளிகளுக்கு உரியவை. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாவட்டக் கல்வி அலுவலகத்தோடு பேசிச் சில உதவிகள் பெற வழியுண்டு. அது ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமையாக அமைந்ததல்ல. ஆங்கிலம் அறவே இல்லாத பிள்ளையானால், ஆங்கிலம் கற்பிக்கத் தனி ஆசிரியர் உண்டா என்று கேட்காமல் சேர்க்காதீர்கள்.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. எந்த முறை நல்லது என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை. கலிபோர்னியாவில் 1998-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, 100-க்கு 61 பேர் ஆதரவோடு, இருமொழி வகுப்புகளைப் பெரும்பாலும் நிறுத்தி ஓராண்டு ஆங்கில மூழ்கு வகுப்பு என்று ஆக்கினார்கள். 2016-இல் மறுபடியும் வாக்கெடுப்பு. 100-க்கு 73 பேர் அதை மாற்றி இருமொழிக் கல்விக்கு வழிவிட்டார்கள். பதினெட்டு ஆண்டு! இடையில் படித்து முடித்த பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? ஐந்தாறு ஆண்டு ஆகியும் அந்த உதவி வகுப்பைவிட்டு வெளியே வராத பிள்ளைகளும் உண்டு. என் மருமகனின் ஆபீஸ் நண்பர்கள் பயந்தது முழுவதும் பொய் என்று சொல்ல முடியாது. ஆண்டுதோறும் சோதனை முடிவைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் பெற்றோரின் பிள்ளை அப்படித் தேங்குவது குறைவு என்பது என் கணிப்பு.

அண்மைச் செய்தியையும் மறைக்கக் கூடாது. 2025 மார்ச் 1-இல் ஆங்கிலமே நாட்டின் ஆட்சிமொழி என்று அதிபர் ஆணை பிறப்பித்தார். பள்ளிகளின் கடமைகளை விரிவாக விளக்கி 2015-இல் அரசு அனுப்பியிருந்த வழிகாட்டிக் கடிதம் 2025 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. அது விளக்கக் கடிதந்தான். காங்கிரஸ் இயற்றிய 1964, 1974-ஆம் ஆண்டுச் சட்டங்களும், லாவ் தீர்ப்பும் அதனால் அழிந்துவிடவில்லை. ஆனால் விளக்கிச் சொல்ல ஆளில்லாத உரிமையை, தெரிந்துவைத்திருப்பவர்தான் கேட்டுப் பெற முடியும்.

பேரன் கதையை முடிக்கவில்லையே. மருமகனை உட்கார வைத்துப் பேசினேன். முதலில் முகம் சுருங்கிற்று. பிறகு, "மாமா, நான் எழுதினது தப்புதான்" என்றார். இருவருமாகப் பள்ளிக்குப் போனோம். படிவத்தைத் திருத்த வேண்டும் என்றதும் அலுவலகப் பெண்மணி புதிய தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்தார், அவ்வளவு சுலபம். குறைபாட்டுப் பரிசோதனைக்கு முன் ஆங்கிலச் சோதனை வைக்கும்படி எழுதிக் கேட்டோம். வைத்தார்கள். வாசிப்பில் சுமாராகவும், கேட்பதிலும் பேசுவதிலும் அடிமட்டத்திலும் இருந்தான். அடுத்த வாரமுதல் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் தினமும் அவனையும் வேறு மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போனார். குறைபாட்டுப் பேச்சு அத்தோடு நின்றது. பிப்ரவரி மாதம் ஒருநாள் ஆசிரியை எழுதியனுப்பினார்: வகுப்பில் அதிகம் பேசுகிறான், கொஞ்சம் கண்டித்து வையுங்கள் என்று. மகள் கோபப்பட்டாள். நானும் என் மனைவியும் அந்தக் கடிதத்தைக் கொண்டாடினோம்.

இப்போது அவன் அந்த உதவியை விட்டு வெளியே வந்துவிட்டான். வீட்டில் தமிழ்தான் பேசுகிறான். தொலைபேசியில் என்னைத் திருத்துகிற அளவுக்கு ஆங்கிலமும் வந்துவிட்டது.

அந்த வீட்டுமொழிப் படிவத்தின் மாதிரி ஒன்று என் பையில் இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் கீழே தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். இந்த ஜூனில் புறப்படும் குடும்பங்கள் மூன்று இருப்பதாகப் பங்குத்தந்தை சொன்னார். தேநீருக்குப் போகுமுன் இப்படி மேடைப் பக்கம் வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.